ஜிப் வீடியோவுக்கு 212 கமென்ட் வந்தது. இதை வேலை என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

ஊசிநூல் கேட்கிறார்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 31. ஏழு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன், மூன்று வருடம் ஆகிறது. திரும்ப வேலைக்குப் போக வேண்டும், ஆனால் பழைய வேலைக்கே போக மனசு வரவில்லை.

என் சித்தி தையல் சொல்லித்தருபவர். போன வருடம் அவருக்காக இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தேன். வகுப்பு நேரம், புதிய பேட்ச் எப்போது, இந்த மாதிரி விஷயங்களைப் போடத்தான். ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு போஸ்டுக்குப் பதினைந்து லைக் வரும், அதில் பத்து சொந்தக்காரர்கள்.

ஒருநாள் என் பையின் ஜிப் தகராறு செய்தது. இழுத்தால் ஓடும், ஆனால் பின்னாலேயே வாயைப் பிளந்துகொள்ளும். ஜிப்பையே மாற்ற வேண்டும் என்று சித்தியிடம் கொண்டுபோனேன். அவர் சிரித்துவிட்டு, குறடை எடுத்து, ரன்னரின், அதாவது ஜிப்பில் முன்னும் பின்னும் ஓடும் துண்டின், இரண்டு ஓரத்தையும் லேசாக ஒரு அழுத்து அழுத்தினார். "பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு, இதுதான் அகண்டு போச்சு" என்றார். இழுத்தோம், கப்பென்று மூடிக்கொண்டது. போன் கையில் இருந்ததால் அதை எடுத்து வைத்தேன். 47 வினாடி. எடிட் எதுவும் இல்லாமல் அப்படியே போட்டேன்.

யூடியூப் ஷார்ட்ஸில் மட்டும் ஒரு வாரத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். 212 கமென்ட். குழந்தை தூங்கிய பிறகு மூன்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். தெரியாததைச் சித்தியிடம் கேட்டு எழுதினேன். சித்தியின் அடுத்த பேட்ச் நிரம்பிவிட்டது.

இதையே வேலையாகப் பார்க்கலாமா என்று தோன்றுகிறது. வீட்டில் சொன்னால், "போன் நோண்டறதுக்கு யார் சம்பளம் தருவாங்க?" என்கிறார் கணவர். இத்தனைக்கும் வாஷிங் மெஷின் தண்ணீர் வடியாமல் நின்றபோது, ஒரு வீடியோவைப் பார்த்து அடியில் இருக்கும் வடிகட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த ஒரு குட்டி சாக்ஸையும் ஒரு நாணயத்தையும் எடுத்துப் போட்டது இதே போன் நோண்டுகிற ஆள்தான். அன்றைக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

இது நிஜமான வேலைதானா? என்ன படிக்க வேண்டும்? 31 என்பது இதற்கு லேட்டா?

கடைசிபெஞ்ச்:

நான் பதினொரு வருடமாக இந்த வேலையில், அதாவது நிறுவனங்களின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில், இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் போன்களை எடுத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதே வேலைதான் செய்கிறேன் என்று சில நாள் தோன்றும். திட்டு முன்பு காதில் விழுந்தது, இப்போது கண்ணில் விழுகிறது.

நிஜமான வேலைதான். ஆனால் வேலை கேட்டுப் போகும் இடத்தில் அந்த ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை முதலில் சொல்லாதீர்கள். அது வந்தது, சந்தோஷம். மறுபடி வரும் என்று நீங்களும் நானும் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதிய 212 பதில்கள் இருக்கின்றனவே, அதைச் சொல்லுங்கள். அதற்குத்தான் சம்பளம்.

என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலையில் முதல் முக்கால் மணி நேரம் எதையும் போடமாட்டேன். ராத்திரி வந்ததைப் படிப்பேன். கேள்விக்கு உடனே பதில். புகார் என்றால் எல்லோரும் பார்க்கும்படி ஒரே ஒரு பதில், அப்புறம் பேச்சைத் தனி மெசேஜுக்கு நகர்த்துவது. அங்கே போன பிறகுதான் ஆர்டர் எண், போன் நம்பர் எல்லாம் கேட்க வேண்டும். கமென்டிலேயே ஒருவர் தன் நம்பரைப் போட்டுவிட்டால் முதல் வேலை அதை மறைப்பது. சும்மா வம்பிழுக்க வருகிறவருக்குப் பதிலே கிடையாது. பாராட்டுக்கு ஒரு நன்றி, ஆனால் ஐம்பது பேருக்கும் ஒரே நன்றியை ஒட்டக்கூடாது, பார்க்கிறவர்களுக்கு அது தெரிந்துவிடும்.

இதையெல்லாம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் குறித்துக்கொண்டே வருவேன். தேதி, என்ன கேட்டார், என்ன சொன்னோம், முடிந்ததா. சலிப்பான வேலை. ஆனால் ஒரு மாதம் அதைக் கூட்டிப் பார்த்தபோது 38 பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தார்கள்: உத்தரவாதத்துக்குப் பதிவு செய்ய சீரியல் எண் கேட்கிறது, அது பொருளில் எங்கே இருக்கிறது? அடிப்பக்கத்தைக் காட்டி அம்புக்குறி போட்ட ஒரு போட்டோவை மேலே பின் செய்து வைத்தோம். அடுத்த மாதம் அந்தக் கேள்வி நான்கு பேரிடமிருந்துதான் வந்தது. அந்தப் படத்துக்கு லைக் மொத்தம் ஒன்பது. என் சம்பள உயர்வுக்குப் பேசப்போனபோது நான் எடுத்துப்போனது அந்தப் படத்தைத்தான், அதிக லைக் வாங்கிய எதையும் இல்லை.

போஸ்ட் தயாரிப்பது என் நாளில் சுமார் ஒன்றரை மணி நேரம். மீதி எல்லாம் ஒப்புதல் வாங்குவது, "லோகோவைப் பெரிதாக்கு" என்பவரைச் சமாளிப்பது, எண்களைப் பார்ப்பது.

எண்கள் விஷயத்தில் கணக்குப் பிரிவு ஏழு வருடத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள். இந்தத் துறைக்கு வருகிறவர்களில் பலருக்கு எழுத வரும், வரைய வரும், ஒரு கூட்டல் தொகை ஏன் இடிக்கிறது என்று தேட வராது. ரீச் என்பது எத்தனை பேர் பார்த்தார்கள். இம்ப்ரெஷன் என்பது எத்தனை தடவை திரையில் வந்தது. ஒரே ஆள் மூன்று தடவை பார்த்தால் ரீச் ஒன்று, இம்ப்ரெஷன் மூன்று. இந்த இரண்டையும் குழப்பி மேலதிகாரிக்கு ரிப்போர்ட் போடுகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன்.

அப்புறம் யூடிஎம். சித்தியின் வகுப்புக்குப் பதிவு செய்யும் படிவம் இருக்கிறதல்லவா, அந்த லிங்கின் வாலில் சில சொற்களைச் சேர்ப்பது. யூடியூபுக்குக் கொடுக்கும் லிங்கில் ஒரு வால், இன்ஸ்டாவுக்கு வேறு வால். யார் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்துவிடும். அந்தப் பெயரில் (UTM) இருக்கும் 'யூ' அர்ச்சின் (Urchin) என்ற கம்பெனி. அதை 2005இல் கூகுள் வாங்கியது, அதிலிருந்து வந்ததுதான், ஒரு தளத்துக்கு யார் எங்கிருந்து வந்தார்கள் என்று எண்ணிக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ். கம்பெனி பெயர் மறைந்துவிட்டது, வால் மட்டும் எல்லா லிங்கிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. "பேட்ச் நிரம்பியது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எத்தனை பேர் ஜிப் வீடியோவிலிருந்து வந்தவர்கள்? இந்த ஒரு கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தால் பாதி இன்டர்வியூ முடிந்த மாதிரி. இன்ஸ்டா கேப்ஷனில் லிங்க் போட்டால் அது கிளிக் ஆகாது, புரொஃபைலில்தான் வைக்க வேண்டும். எனக்கு இது தெரியாமல் ஒரு முழு வாரம் போயிருக்கிறது.

என் கதைகளில் ஒன்றையாவது சொல்லவேண்டும். 2021 அக்டோபர் 4. அப்போது இருந்த இடத்தில் ஒரு பயிற்சிக்குப் பதிவு செய்ய அன்று ராத்திரிதான் கடைசி. நினைவூட்டல் எல்லாம் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாவிலும் ஷெட்யூல் செய்து வைத்திருந்தேன், சந்தேகம் கேட்க வாட்ஸ்அப் எண். மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டன. முதலில் எங்கள் இணையம்தான் போய்விட்டது என்று ரூட்டரை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, உலகம் முழுக்கவே இல்லை. பராமரிப்பின்போது அவர்களே கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய டேட்டா சென்டர்களுக்கு நடுவில் இருக்கும் இணைப்பையே அறுத்துவிட்டது. ஆறு மணி நேரம் போல. யாரிடமாவது சொல்லலாம் என்றால் எங்களிடம் ஒரு மின்னஞ்சல் பட்டியல்கூட இல்லை. பல ஆயிரம் ஃபாலோயர்கள், அதில் ஒருவருடைய முகவரி தெரியாது. கடைசித் தேதியை இரண்டு நாள் தள்ளி வைத்தார்கள், எனக்குத் திட்டும் கிடைத்தது. நியாயமான திட்டுதான். அடுத்த வாரமே மின்னஞ்சல் பட்டியல் தொடங்கினேன். சித்திக்கும் ஒன்று இப்போதே தொடங்குங்கள், முப்பது பேர் இருந்தாலும் போதும். வைன் என்று ஒரு குட்டி வீடியோ ஆப் 2013இல் வந்தது, நான்கு வருடம்கூடத் தாங்கவில்லை. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. அங்கே கூட்டம் சேர்த்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

படிப்பு: ஹப்ஸ்பாட் அகாடமி, கூகுள் ஸ்கில்ஷாப், மெட்டா புளூபிரிண்ட், மூன்றிலும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. செய்யுங்கள், சொற்கள் பழகும். சான்றிதழை மட்டும் நீட்டினால் யாரும் மசியமாட்டார்கள், சித்தியின் பக்கத்தோடு சேர்த்து நீட்டுங்கள்.

31 லேட் இல்லை. எனக்கு 33இல்தான் தொடங்கியது. இன்டர்வியூவில் நீங்கள் திரும்பக் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: "ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியும் இன்பாக்ஸை யார் பார்ப்பது?" பதில் மழுப்பலாக வந்தால் அது நீங்கள்தான்.

சாவிக்கொத்து:

குறுக்கே ஒரு வார்த்தை. அந்தப் பக்கத்துக்கு இரண்டாவது அட்மின் போட்டிருக்கிறீர்களா? என் போன் தொலைந்தபோது உள்நுழையும் குறியீடு அந்த எண்ணுக்கே வந்துகொண்டிருந்தது. நான் நடத்திய பக்கம் 23 நாள் அனாதையாகக் கிடந்தது. இரண்டு கட்டச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும், அதற்கான மாற்றுக் குறியீடுகளை ஒரு காகிதத்தில் எழுதி வேறு இடத்தில் வையுங்கள். போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த புத்திசாலி நான்.

மாதக்கடைசி:

கடைசிபெஞ்ச் சொன்னது சம்பள வேலை. சொந்த சேனல் வைத்துச் சம்பாதிப்பது வேறு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குழப்பிக்கொண்ட ஆள் என்ற முறையில் சொல்கிறேன்.

நான் வேலையை விட்டுவிட்டு சேனல் தொடங்கியவன். பழைய கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுப்பதைப் பற்றி. யூடியூபில் விளம்பரப் பங்கு வர 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும், கூடவே கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். 2018இல் வந்த விதி. அந்த மணி நேரம் இல்லையென்றால் அதற்குப் பதிலாக 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை. ஷார்ட்ஸ் ஃபீடில் ஓடும் நேரம் அந்த 4,000 மணியில் சேராது. உங்கள் ஜிப் வீடியோவின் 1.8 லட்சத்தை ஒரு கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை.

அந்தக் "கடைசி 12 மாதம்" என்பதில்தான் நான் மாட்டினேன். பதினான்காவது மாதம் 3,700 மணி நேரம் வந்துவிட்டது, இன்னும் 300தான் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டாவது மாதத்தில் போட்ட ஒரு வீடியோதான் அதில் பெரும்பகுதியைக் கொண்டுவந்தது. அதற்கு ஒரு வருடம் ஆனதும் அந்த மணி நேரங்கள் ஒவ்வொரு நாளும் பின்பக்கமாக உதிர ஆரம்பித்தன. நான் முன்பக்கம் ஊற்ற ஊற்ற அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. எண் 3,700இலிருந்து 2,900க்கு இறங்கியதை ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் பத்தொன்பதாவது மாதம்தான் தாண்டினேன்.

தாண்டிய பிறகு நீள வீடியோ விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் நமக்கு, ஷார்ட்ஸில் 45. சதவீதம் கேட்க நன்றாக இருக்கும். முதல் மாதம் வந்தது என் இணைய இணைப்புக் கட்டணத்துக்குக்கூட முழுதாகப் போதவில்லை.

ஆனால் அந்தப் பத்தொன்பது மாதத்தில் எடிட்டிங் கற்றுக்கொண்டேன். இப்போது ஒரு இடத்தில் வீடியோ எடிட்டர், மாதம் பிறந்தால் சம்பளம். வேலைக்கு எடுத்தபோது சேனல் எத்தனை பேர் என்று கேட்கவே இல்லை. பத்து நிமிட வீடியோவைக் கொடுத்து, "இதிலிருந்து ஒரு நிமிடம் வெட்டு" என்றார்கள். செங்குத்து ஃபிரேம், 1080க்கு 1920, அடியில் எழுத்து. முதல் மூன்று வினாடியில் என்ன வைக்கிறேன் என்பதை மட்டும்தான் பார்த்தார்கள். உங்கள் வீடியோ எதிலிருந்து ஆரம்பிக்கிறது? வாய் பிளந்த ஜிப்பிலிருந்தா? அப்படியென்றால் தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

ஒலிவழி:

நான் வேறொரு கோணத்திலிருந்து வருகிறேன். எனக்குப் பார்வை இல்லை. இந்தத் திரியை என்விடிஏ எனக்கு வாசித்துக் காட்டுகிறது. திரையில் இருப்பதைக் குரலாக்கும் மென்பொருள், 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது, இலவசம்.

"போன் நோண்டறது" என்று உங்கள் வீட்டில் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. மருந்துப் பெட்டியில் காலாவதித் தேதி என்ன என்று அறிய முன்பெல்லாம் யாராவது வீட்டுக்கு வரும்வரை காத்திருப்பேன். இப்போது பி மை ஐஸ் என்ற ஆப், 2015இலிருந்து இருக்கிறது. கேமராவைத் திறந்தால் முன்பின் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ பார்த்துச் சொல்கிறார். ஒருமுறை வந்த அம்மா, தேதியைச் சொல்லிவிட்டு, "உங்க சட்டை பட்டன் ஒண்ணு மாத்திப் போட்டிருக்கீங்க" என்றும் சொன்னார். வங்கி வரிசை, படிவம், பஸ் நேரம், எல்லாம் இந்தப் போனில்தான் எனக்குத் தனியாகச் சாத்தியமானது. கடிதம் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்கிற ஆள் இப்போது நான். அது சின்ன விஷயம் இல்லை.

சரி, ஜிப்புக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தேடினேன், வீடியோ கிடைத்தது. 47 வினாடியும் கேட்டேன். ஒரு சிரிப்பு, "இதுதான் அகண்டு போச்சு", அப்புறம் ஒரு கிர்ரென்ற சத்தம். எது அகண்டது, என்ன செய்தார், ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கமென்டுகளில் யாரோ கேட்ட கேள்விக்கு நீங்கள் எழுதியிருந்தீர்கள்: "ரன்னரை ஜிப்பின் ஆரம்பத்துக்குக் கொண்டுவாருங்கள். இழுக்கும் நாக்கு இருக்கும் முனைக்கு எதிர்முனை, அதாவது மூடிய பல் வெளியே வருகிற பக்கம். அங்கே இடது ஓரத்தை ஒரு தடவை, வலது ஓரத்தை ஒரு தடவை. நடுவில் அழுத்த வேண்டாம்." விரலால் தடவிக் கண்டுபிடித்தேன். என் தோள்பையின் ஜிப் ஒரு வருடமாகப் பிரிந்துகிடந்தது. இப்போது மூடுகிறது.

படத்துக்கு விவரணை எழுதுவது, பேசுவது எழுத்தாக ஓடுவது, செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே செய்வது, இதையெல்லாம் ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. உங்களுக்கு அது ஏற்கெனவே வருகிறது. வேலை கேட்கும்போது இதையும் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் சித்தியைக் கொஞ்சம் பேசச் சொல்லுங்கள்.

ஊசிநூல்:

எல்லோருக்கும் நன்றி. ஒலிவழி எழுதியதைச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். "பேசாம செய்யறதுதான் எனக்குப் பழக்கம்" என்றார். ஆனால் அந்தத் தோள்பை விஷயத்தை இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார்.

சாவிக்கொத்து, இரண்டாவது அட்மின் இல்லை. நேற்றே போட்டுவிட்டேன், என் கணவரை. வேறு யார் இருக்கிறார்கள்.

கடைசிபெஞ்ச் சொன்ன மாதிரி 212 கமென்டையும் ஷீட்டில் ஏற்றினேன். இரண்டு மணி நேரம் ஆனது, சொன்னால் நம்பமாட்டீர்கள், பிடித்திருந்தது. 64 பேர் "பல்லே போய்விட்டால் என்ன செய்வது" என்று கேட்டிருக்கிறார்கள். 29 பேர் ரன்னர் உடைந்துவிட்டது என்கிறார்கள். இந்த 29 பேருக்கும் "பார்த்து அழுத்துங்கள்" என்று தனித்தனியாக எழுதியிருக்கிறேன், வீடியோவில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று அப்போது தோன்றவே இல்லை. அடுத்த வீடியோ அதுதான். பேட்சில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் வீடியோவிலிருந்து வந்தார்கள் என்பதற்குப் பதில் இல்லை, லிங்கில் வால் போடவில்லை. சித்தி ஒவ்வொருவராகப் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மாதக்கடைசி, ஆமாம், வாய் பிளந்த ஜிப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. போனை நேராகப் பிடிக்கத் தெரியாததால் அப்படி அமைந்தது.

ஒலிவழி, ஜிப் போட்டோவுக்கு இப்படி ஒரு விவரணை எழுதிப் பார்த்தேன். சரியா என்று சொல்லுங்கள்: "ஒரு பெண்ணின் கை குறடால் பையின் ஜிப்பைப் பிடித்திருக்கிறது."

ஒலிவழி:

குறடு ஜிப்பில் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்று இல்லையே. அதுதானே எனக்கு வேண்டும். கை பெண்ணுடையதா ஆணுடையதா என்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை எழுதுங்கள்.